பொள்ளாச்சி எண்ணெயில் வளர்ந்த சேலை

அந்தத் தேங்காயெண்ணெயை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

நாற்பதைத் தாண்டியபின் எனக்குத் தைல வர்ணப் பைத்தியம் பிடித்தது. அச்சுப் படத்தில் கட்டம் போட்டு, கித்தானிலும் கட்டம் போட்டு, பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினேன். முதல் படத்துக்கு ஒரு வாழைக்காய் போதாதா? எனக்குப் பாஞ்சாலியைத் துகிலுரித்த சபையே வேண்டியிருந்தது. அதுவும் போதாதென்று, பொள்ளாச்சியில் மனைவியின் அண்ணன் கட்டும் புது வீட்டின் நடுக்கூடத்தில் என் படம்தான் தொங்கும் என்று உறவு முழுக்கச் சொல்லித் தொலைத்தேன்.

பீமனை எழுதும்போது, வர்ணம் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் தீர்ந்தது. மதராசிலிருந்து வரவழைத்த புட்டி போத்தனூரில் ரயிலிலிருந்து இறக்கும்போதே உடைந்தது. மச்சானுக்குக் கொப்பரை ஆட்டும் செக்கு உண்டு. ஒரு தூக்கு நிறையத் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து வைத்தார்.

"எண்ணெயின்னா எண்ணெய்தானுங்க மாப்ளே. கலக்கிப்போட்டு எழுதுங்க."

மிச்சப் படம் முழுக்க அதில்தான். மார்கழிக் குளிரில் பூசியது பூசிய இடத்தில் கெட்டியாக நின்றது. காய்ந்துவிட்டதாம்! தினமும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் குளிரில் உறையும் என்பதை மறந்த மடையன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான்.

தை மாதம் கிரகப்பிரவேசம். விடியற்காலைப் பனியில் படத்தை மாட்டினேன். அதற்கு நேர் கீழே ஹோமம் வளர்த்தார்கள். சற்று நேரத்தில் துரியோதனன் கிரீடம் மூக்குக்கு இறங்கியது. பீமன் மீசை மார்பைத் தொட்டது. துண்டை விரித்துப் பிடித்துப் படத்தின் முன்னால் இங்கும் அங்கும் குதித்தேன். பிடிவிட்டு ஓடும் கோழியைத் துரத்துகிறவன்கூட அவ்வளவு அசிங்கமாகக் குதிக்கமாட்டான்.

பாஞ்சாலியின் சிவப்புச் சேலை சட்டத்தைத் தாண்டிப் புதுச் சுண்ணாம்புச் சுவரில் இறங்கத் தொடங்கியது. மச்சானின் அத்தை அலறினார்: "ஏனுங்க, எல்லாரும் இங்க பாருங்க! சேலை வளருதுங்க!"

கூடமே கும்பிட்டது. யாரோ படத்துக்கு நேராகக் கற்பூரத்தட்டைத் தூக்கிப் பிடித்தார்கள். அந்தச் சூட்டில் இன்னும் ஒரு முழம் வளர்ந்தது.

"எல்லாம் நம்ம செக்கு எண்ணெயோட மகிமைங்க!" என்றார் மச்சான், நெஞ்சை நிமிர்த்தி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெருமையில் பாதி பகவானுக்கு, பாதி செக்குக்கு. கண் எரிய எழுதினவன் எங்கே போவது? உண்மையைச் சொன்னால் சுவரைப் பாழாக்கிய பட்டமும் எனக்கே வந்து சேரும். விரித்த துண்டோடு விறைத்து நின்றேன்.

அத்தை என் முழங்கையில் இடித்தார். "நீங்க எதுக்குங்க சாமியை மறைச்சுட்டு நிக்கறீங்க? அக்கட்டால போங்க!"

போனேன்.