உங்க வீட்டுல என்ன வேன்?

ஒரு புது வாகனத்தின் கதவை ஒரே காலையில் எத்தனை பேர் அடித்துச் சாத்தினால் அது கழன்று கையோடு வரும் என்று நீங்கள் என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? நான் தினமும் யோசிக்கிறேன். நம்ம நாட்டிலேயே பொருத்திச் செய்கிற கார், வேன், சின்ன லொறி விற்கிற ஒரு ஷோரூம் மாத்தளை டவுனில் இருக்கிறது. அங்கேதான் எனக்கு வேலை. இந்தத் தொழிலில் வாகனம் விற்பது எப்போதாவதுதான். மற்ற நேரமெல்லாம் ஜப்பானின் பெருமையைக் கேட்டுக்கொண்டு சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும்.

துணிக்கடையிலோ சோப்புக் கடையிலோ நின்று, "இது வெளிநாட்டுச் சாமானா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே தொண்டை வற்றியவர்கள் உங்களில் இருப்பீர்கள். நீங்கள் எல்லாரும் என் கட்சி. நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை, ஊர்ப் பள்ளிக்கூடம்தான். மகள் முன்பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் வேலை தேடினேன். வாகனம் ஓட்டத் தெரியும், சிங்களம் தெரியும், வாயும் இருக்கிறது என்று மெனேஜர் எடுத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் சிவா ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். அது ஜப்பான் வேன். நான் வேலைக்கு வருவதற்கு ரொம்ப முந்தியே வாங்கியது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் டவுனில் எல்லாருக்கும் அது தெரியும்.

கதவுச் சத்தம்

உக்குவளையில் இருந்து ஒரு குடும்பம் வேன் பார்க்க வந்தது. அப்பா, அம்மா, கல்யாணம் பேசி வைத்திருந்த மகள், மாப்பிள்ளை, கூடவே அவர்களுடைய வாகனம் திருத்துகிற கராஜ் பாஸ். பழைய வாகனம் வாங்குகிறவர்கள் பாஸைக் கூட்டிக்கொண்டு வருவது நியாயம். புது வாகனத்துக்கும் கூட்டி வருவார்கள். பாஸும் பாவம், வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று டயரை ஓர் உதை உதைப்பார்.

பிறகு கதவு. முதலில் அப்பா சாத்தினார். எல்லாரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். பிறகு மாப்பிள்ளை, பிறகு பாஸ், கடைசியில் அந்த அம்மா, கைப்பையை மகளிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்கள். கதவுதான் முக்கியமாம். அப்பா என்னிடம் சொன்னார்:

"சத்தத்துல குறை இல்ல மிஸ். ஆனா ஜப்பான் கதவு சாத்தினா அதுல ஒரு மரியாதை கேக்கும்."

பேசாத வேன்

நாலந்தாப் பக்கத்து அம்மா ஒருவர் மகனோடு வந்தார். மகன் வேனைச் சுற்றிப் பார்த்தான், அம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் நல்ல பிள்ளை மாதிரி ஓடியது. அம்மா கையைக் கூப்பியபடி காத்திருந்தார். என்னம்மா என்று கேட்டேன். பேசவில்லையே என்றார்.

விஷயம் இதுதான். ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வருகிற வாகனங்கள் சிலவற்றில், சாவி போட்டதும் ஒரு பெண் குரல் ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்லும். ரோட்டுக் கட்டணக் கார்டைப் போடு, பெல்ட்டைக் கட்டு என்று சொல்லுமாக இருக்கும். இந்த அம்மாவின் பக்கத்து வீட்டு வேனில் அந்தக் குரல் தினமும் காலையில் கேட்குமாம். அதை ஒரு ஆசீர்வாதம் மாதிரி நினைத்து, வீதியில் நின்றே கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவாராம். எங்கள் வேன் தேவையில்லாமல் வாய் திறக்காது, அடக்கமானது என்று சொல்லிப் பார்த்தேன். மகன் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை.

"வாயத் தெறக்காத வாகனத்த எப்படி, மகள், நம்பி ஏர்றது?"

சீட் தைக்கிற கலா

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் வாகனங்களைப் பொருத்துகிற தொழிற்சாலைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வெறும் கூடாக ஒரு பக்கம் நுழைந்த வாகனம் மறுபக்கம் விளக்குப் போட்டுக்கொண்டு தானாக ஓடி வந்ததைப் பார்த்தபோது, எனக்கு என்னவோ சொந்தக்காரப் பிள்ளை பரிசு வாங்க மேடை ஏறுவது மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் போட்டோ எடுத்தார்கள். நான் கைதட்டிவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அங்கே சீட் தைக்கிற பகுதியில் கலா என்று ஒரு பிள்ளை, எங்கள் பக்கத் தமிழ். சீட்டின் ஓரத்தில் இரட்டைத் தையல் ஓட்டிக்கொண்டிருந்தாள். மேட்டில் ஏறும்போது பிள்ளைகள் பின்னால் சரிந்து போகாமல் இருக்க சீட்டின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துத் தைப்பதாகச் சொன்னாள். மெஷினை நிறுத்திவிட்டு என் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டாள். இன்றைக்கும் இடைக்கிடை குரல் மெசேஜ் வரும். எப்போதும் ஒரே செய்திதான்:

"அக்கா, வாங்கினவங்க உக்காந்து பாத்துட்டு சீட்டைப் பத்தி என்ன சொன்னாங்க?"

இடையில் கொஞ்சம் ஓட்டுகிறவர்

கலாவுக்கு என்னால் பதிலே அனுப்ப முடியவில்லை. ஏன் என்பதை எனக்கு விளங்க வைத்தவர் ஹனிபா நானா. தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி எடுத்து மாத்தளைக் கடைகளுக்குப் போடுகிறவர். எங்கள் சின்ன லொறியை அவருக்கு ரொம்பப் பிடித்துப் போனது. எத்தனை மூட்டை ஏற்றலாம், எண்ணெய் எவ்வளவு குடிக்கும் என்றெல்லாம் கேட்பார் என்று தயாராக நின்றேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இதை விற்கப் போனால் யார் வாங்குவான்?

இன்னும் வாங்கவே இல்லையே நானா என்றேன். சிரித்துக்கொண்டே விளக்கினார். ஜப்பான் வாகனம் என்றால் நாளைக்கு ஓர் ஆபத்து அவசரத்துக்கு, மகளின் கல்யாணத்துக்கு, அதே விலைக்கு, சில நேரம் கூடிய விலைக்கும் தள்ளிவிடலாமாம். நம்ம வாகனத்தை வாங்க ஆள் தேட வேண்டுமாம். அதனால்தான் நம்ம ஆட்கள் புது வாகனம் வாங்கினால் சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றுவதே இல்லை. அடுத்து வாங்கப் போகிறவனுக்காகப் புதிதாக வைத்திருக்கிறார்கள். கலா தைத்த சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. எல்லாரும் பிளாஸ்டிக்கின் மேல்தான் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஹனிபா நானா போகும்போது வாசலில் நின்று சொன்னார்:

"தங்கச்சி, நான் வாகனம் வாங்குறதே விக்கிறதுக்குத்தான். இடையில கொஞ்சம் ஓட்டுவேன், அவ்வளவுதான்."

வைப்பர்

பெருமையாகவே எழுதிக்கொண்டு போகிறேன் என்று நினைக்காதீர்கள், அடிபட்ட கதையும் இருக்கிறது. இரத்தோட்டைக்கு மேலே மிளகும் கராம்பும் பயிர் வைத்திருக்கிற செல்வராஜா அண்ணன் எங்களிடம் ஒரு வேன் வாங்கியிருந்தார். மழைக்காலம் தொடங்கிய கையோடு அதன் வைப்பர் மோட்டார் நின்றுவிட்டது. அந்த மலைப்பாதையில் மழைக்கு வைப்பர் இல்லை என்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது மாதிரி. வந்தார். மாற்றுச் சாமான், அதுதான் பாட்ஸ், எங்களிடம் இல்லை, கொழும்பிலிருந்து வர நாளெடுக்கும் என்று எங்கள் வேர்க்ஷொப்பில் சொன்னார்கள். வெள்ளைக்கார மொழியிலும் சிங்களத்திலும் தமிழிலும் நம்ம நாட்டுத் தயாரிப்பு என்று எழுதி ஒட்டிய ஷோரூமில் நின்றுகொண்டு, நம்ம வாகனத்துக்குச் சாமான் இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஜப்பான் வேனுக்கு என்றால் எந்த டவுனிலும் ஏதாவது ஒரு கடையில் பழசோ புதுசோ கிடைத்துவிடும். வாகனம் நிறைய ஓடுவதால் பாட்ஸ் கிடைக்கிறது, பாட்ஸ் கிடைப்பதால் வாகனம் நிறைய ஓடுகிறது. இந்த வட்டத்துக்குள் நாங்கள் எங்கே நுழைவது?

கேட்டுக்கொண்டு நின்ற எங்கள் வேர்க்ஷொப் மெக்கானிக் பண்டார அண்ணன் உள்ளே போனார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குள் வந்தார், கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று நின்ற காட்சி வேனின் வைப்பர் மோட்டாரைக் கழற்றினார், செல்வராஜா அண்ணனின் வேனில் பூட்டினார். மெனேஜர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்து சத்தம் போட்டார்தான். நானும் பண்டார அண்ணனோடு சேர்ந்து நின்று வாங்கிக்கொண்டேன். பிறகு அவரே, நம்ம வாகனம் ரோட்டில் நிற்கிறதை விட ஷோரூமில் நிற்கிறது மேல் என்று முணுமுணுத்துக்கொண்டு கொழும்புக்குப் போன் எடுத்தார். செல்வராஜா அண்ணன் மழைக்குள் வைப்பரைப் போட்டுக் காட்டிவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்:

"வைப்பர் நின்னதை நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் தங்கச்சி. நீங்க புதுசுல இருந்து கழட்டித் தந்ததைத்தான் ஊரெல்லாம் சொல்லுவேன்."

மேடு

யாழ்ப்பாணத்தில் பிறந்து, மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை செய்து, ஓய்வு பெற்ற பிறகும் மாத்தளையிலேயே தங்கிவிட்ட ஐயா ஒருவர் கார் பார்க்க வந்தார். இது இங்கே செய்ததோ, இல்லாட்டி இங்கே பூட்டினதோ என்று கேட்டார். மெனேஜர் அந்தக் கேள்வி வந்தால் நிறத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார். எனக்கு அது சரிவராது. எஞ்சின் வெளியிலிருந்து வருகிறது ஐயா, சீட்டும் பெட்டரியும் டயரும் சைலன்சரும் இங்கே செய்தது, பொருத்தினது நம்ம கைகள் என்றேன். ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி என்றார். மேடு ஏறுமோ என்றார்.

நானே ஓட்டினேன். எல்கடுவைப் பாதையில் வளைவுக்கு வளைவு கியரை மாற்றி ஏற்றினேன். ஓரிடத்தில் எதிரே பஸ் வந்து, அரைமேட்டில் நிறுத்தித் திரும்ப எடுக்க வேண்டியதாகிவிட்டது. கார் ஓர் அங்குலம் பின்னால் போகவில்லை. உள்ளுக்குள் நான் விசிலடித்துக்கொண்டிருந்தேன். ஐயா பிடித்திருந்த கைப்பிடியை மெல்ல விட்டார். நல்ல வாகனம்தான் என்றார். இறங்கி வரும்போது, உங்கட மனுசன் என்ன ஓட்டுறார் என்று விசாரித்தார். பொய் சொல்லத் தெரியவில்லை. ஜப்பான் வேன் என்றேன். தோள் குலுங்கச் சிரித்தார்.

"பிள்ளை, முதல்ல உங்கட வீட்டில ஒண்டை வித்துப்போட்டு வாங்கோ. பிறகு நான் வாறன்."

வீட்டு கஸ்டமர்

அந்தப் பேச்சு மனசில் கிடந்து குத்திக்கொண்டிருந்தபோதுதான் சிவாவின் வேனுக்குக் கியர்பொக்ஸ் போனது. இனிச் செலவு செய்து பயனில்லை என்று பாஸ் கையை விரித்துவிட்டார். அடுத்த வேன் எது என்பது எங்கள் வீட்டில் அடுப்பெரிகிற விஷயம். புரோக்கர் ஒருவர் கண்டியில் ஒரு ஜப்பான் வேன் பார்த்து வைத்திருந்தார். நான் என் ஷோரூமைச் சொன்னேன். சிவா கோபப்படவில்லை, பயப்பட்டார். ஒரு காலை வேன் வராவிட்டால் தாய் தகப்பன்மார் அடுத்த நாளே பிள்ளைகளை வேறு வேனில் ஏற்றிவிடுவார்கள். அதுவும் ஜப்பான் வேன் நின்றால் விதி என்பார்கள், இது நின்றால் பொண்டாட்டி தலையில் கட்டிவிட்டாள் என்பார்கள். அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை, எங்கள் வேன் மாதிரி.

ஒருநாள் காலை, தன் அண்ணனிடம் இரவல் வாங்கிய வேனில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, சிவா ஷோரூமுக்குள் வந்தார். ஸ்கூல் வேன்கள் நிறுத்துகிற இடத்தில் செல்வராஜா அண்ணன் வந்து வைப்பர் கதையைச் சொல்லியிருக்கிறார், சொன்னபடியே. சிவா என்னை "மிஸ்" என்று கூப்பிட்டார். நானும் "வாங்க சேர்" என்றேன். பண்டார அண்ணன் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தார். சிவா எல்லாரையும் போலக் கதவைச் சாத்திப் பார்த்தார், டயரை உதைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, நின்றுவிட்டால் பிள்ளைகளை யார் கொண்டு போவது என்று கேட்டார். பாட்ஸ் சிலது வர நாளெடுக்கும், அதை மறைக்க மாட்டேன் என்றேன். ஆனால் நின்றால் காட்சி வேனை எடுத்துக்கொண்டு நானே வருவேன், எல்கடுவை மேட்டில் ஓட்டியவளுக்கு உங்கள் பாதை பெரிதில்லை என்றேன். மெனேஜரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். சிவா வேனை இன்னொரு தடவை சுற்றி வந்தார்.

"சரி மிஸ், எனக்கு இந்த வெள்ளையைத் தாங்க. கதவுல மரியாதை இல்லாட்டியும் கடையில ஆள் இருக்கு."

முதல் ஓட்டம்

வேன் எடுத்த அன்றைக்கு முத்துமாரியம்மன் கோயிலுக்குத்தான் முதலில் போனோம். பூசை முடிந்து, டயருக்குக் கீழே தேசிக்காய் நசுங்கி, மகள் உள்ளே ஏறியதும் பிளாஸ்டிக் உறையில் வழுக்கிக் கீழே விழுந்து எழும்பினாள். சிவா அவளைத் தூக்கி வைத்துவிட்டு, கழற்ற வேண்டாம், நாளைக்கு விற்கிறதென்றால் புதிதாக இருக்கும் என்றார். என் போனில் கலாவின் மெசேஜ் ஒன்று அப்படியே கிடந்தது.

நம்ம நாட்டு வாகனம் ஏன் ஜப்பானிடம் தோற்கிறது என்று இனி யாராவது என்னைக் கேட்டால், நம்ம ஆட்கள் அதை வாங்கிய அன்றே விற்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்று சொல்லலாம் என்றிருக்கிறேன், அதில் என் வீட்டுக்காரரும் ஒருவராகிவிடக் கூடாது என்றுதான் கோயில் வாசலிலேயே அவரிடம் கேட்டேன்: "என்னங்க, அந்தப் பிளாஸ்டிக்கைக் கிழிச்சுப் போட்டுட்டு ஒரு தடவை உக்காந்து பாருங்க, சீட் எப்படி இருக்குன்னு ஒரு பிள்ளைக்கு நான் பதில் சொல்லணும்."