அத்தையின் இரண்டாவது ஊசி

அத்தை வீட்டு ஃப்ரிட்ஜில், இட்லி மாவுச் சட்டிக்கும் பால் பாக்கெட்டுக்கும் நடுவில், மூடி போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. 2007 வாக்கில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் அதைப் பார்த்தேன். உள்ளே உப்புத் தண்ணீரில், அறுந்த நூல் போலச் சில வெள்ளைச் சதைத் துணுக்குகள். அத்தையின் மார்புக் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்தவை. சதை கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போட வேண்டியதை, அந்த நர்சிங் ஹோமில் உப்புத் தண்ணீரில் போட்டு, சிதம்பரம் ஆஸ்பத்திரி லேபில் கொடுத்துவிடுங்கள் என்று மாமா கையில் கொடுத்திருந்தார்கள். உடனே கொடுக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த அலட்சியத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமா அவர்களுக்கு மேல். மறுநாள் வியாழக்கிழமை, தெற்கே சூலம். அந்தத் திசையில் கிளம்பக் கூடாதாம். சிதம்பரமோ தெற்கே இருக்கிறது. அதற்கடுத்த நாள் அஷ்டமி. காலண்டரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, சனிக்கிழமைதான் பாட்டிலோடு பஸ் ஏறினார். அத்தையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கட்டி மட்டும்தான் அவளுடையது.

முடிவு சொல்லும் நாளில் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். புற்றுநோய்தான் என்பது உறுதியாகியிருந்தது. ஆனால் ஹார்மோனை ஏற்கும் தன்மை அந்தக் கட்டியில் இல்லை என்று வந்திருப்பதாக டாக்டரம்மா சொன்னார். இருந்திருந்தால், ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரை கொடுத்து நோய் திரும்பாமல் தடுக்கப் பார்க்கலாம். இல்லாதவர்களுக்கு அந்த மாத்திரையால் பயனில்லை. சதை பழசாகிப் போனாலும் சோதனை தப்பாகக் காட்டும் என்பதால், எடுத்ததும் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். மாமா கொஞ்சமும் கூசாமல், "எடுத்த கையோட கொண்டாந்துட்டேன் டாக்டர்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை பேசினாள்.

"இல்லீங்க. மூணு நாளு எங்க வூட்டு ஃப்ரிட்ஜுலதான் கெடந்துது. இன்னொரு தபா ஊசி போட்டு எடுங்க, நான் தாங்கிக்கிறேன்."

அன்றைக்கே மறுபடி எடுத்து, அங்கேயே ஃபார்மலினில் போட்டார்கள். இந்தமுறை அந்தத் தன்மை இருக்கிறது என்று வந்தது. ஆபரேஷன் முடிந்து, வருடக்கணக்காக மாத்திரை போட்டு, 2012-ல்தான் நிறுத்தினாள். நோய் திரும்பவில்லை.

இப்போதும் கல்யாணப் பந்தியில் மாமா சொல்வார்: "நாள் கெழம பாத்து கொண்டும் போயி குடுத்தேன், பொழச்சிகினா." கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். எனக்கு இலையிலிருந்து பாதியில் எழுந்துவிடலாமா என்றிருக்கும். அவர் பார்த்த நல்ல நாளுக்காக ஒரே மார்பில் இரண்டு முறை ஊசி வாங்கியவள், பக்கத்தில் உட்கார்ந்து அவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள்.