சித்திரையில் வந்த கம்பளிப்பூச்சி

மயிர் பொசுங்கும் நாற்றமும் மண்ணெண்ணெய் வாடையும் கலந்து மூக்கில் ஏறினால் ஐப்பசி பிறந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். எழுபதுகளின் கடைசியில் பழங்காநத்தத்தில் நாங்கள் குடியிருந்த வளவில், வரிசையாக நின்ற வீடுகளுக்கெல்லாம் பொதுவாகப் பின்பக்கம் ஒரு கிணறு, ஒரு துவைகல், அதை ஒட்டி ஒரு முருங்கை மரம். மழை விடாமல் பிடித்துப் பெய்து வெறித்த பிறகு, ஒருநாள் காலையில் பல் விளக்கப் போனால் மரத்தின் தூரில் பட்டையே தெரியாது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும் கம்பளிப்பூச்சிகள், பழுப்பும் சாம்பலுமாக, தூக்கத்தில் மூச்சு வாங்குவது போல மெல்ல அசைந்துகொண்டிருக்கும். இராத்திரியெல்லாம் மேலே ஏறி இலையைத் தின்றுவிட்டுப் பகலில் தூருக்கு இறங்கிக் கூட்டமாக உறங்குகிற சாதி அது. இலையைச் சுருட்டி நூல் பின்னும் "பச்சைப்புழு" ஒன்றும் அந்த மரத்தில் உண்டு. கொப்பை உலுக்கினால் உதிர்ந்துவிடுகிற அதை யாரும் சட்டை செய்வதில்லை. கம்பளிக்கு மட்டும்தான் பந்தம்.

பந்தம் பிடிப்பது எங்கள் அய்யா. மில்லில் வேலை பார்த்த அவர் ஷிப்டு முடிந்து வந்த கையோடு, மூங்கில் கழியின் நுனியில் பழைய சாக்கைச் சுற்றி, ரேஷன் மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்துவார். வளவே கூடி நிற்கும். தீ தூரைத் தொட்டதும் சடசடவென்று ஒரு சத்தம் கிளம்பும். பூச்சிகள் சுருண்டு, வெடித்து, பச்சைநீர் கக்கிக்கொண்டு கொத்துக் கொத்தாக விழும். பாதி வெந்து ஊர்ந்து தப்பப் பார்ப்பவற்றைப் பிள்ளைகள் நாங்கள் செருப்பால் நசுக்குவோம். எங்களுக்கு இரக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. "அந்தா ஓடுது பாரு, விடாத!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகும். அய்யா சிரித்து நான் பார்த்ததெல்லாம் அந்தப் பந்தத்தின் வெளிச்சத்தில்தான். பூச்சி எரித்த அன்று அவர் வீட்டில் யாரையும் அடித்ததில்லை.

மற்ற நாட்களில் அடிப்பார். "முருங்கையை ஒடிச்சு வளக்கணும், பிள்ளையை அடிச்சு வளக்கணும்" என்கிற சொலவடையை ஏதோ சாமி வாக்குப் போலச் சொல்லிக்கொண்டே அடிப்பார். முருங்கையை ஒடித்தால் இரண்டாகத் துளிர்க்கும், சரி. பிள்ளையை அடித்தால் என்ன துளிர்க்கும் என்று அந்தச் சொலவடையைக் கட்டியவனைக் கேட்க வேண்டும். மில்லில் கழித்துப்போட்ட மெஷின் பெல்ட்டிலிருந்து அறுத்த ஒரு தோல்வார் எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. என் மேல் அது எப்போதாவது விழும். அண்ணன் பாண்டி மேல்தான் ஓயாமல் விழும். தண்ணீர்க்குடம் தளும்பினால், கணக்குப் பரீட்சையில் கோட்டைவிட்டால், கூப்பிட்ட குரலுக்கு அரை நொடி பிந்தி "வாரேன்" என்றால்கூட விழும். அண்ணன் அழமாட்டான். அதற்காகவும் இரண்டு விழும்.

கம்பளி மேலே பட்டால் "சுணை" ஏறித் தோல் வரிவரியாகத் தடித்துச் சிவக்கும். அம்மா தன் கொண்டையை அவிழ்த்து, முடியைக் கற்றையாகப் பிடித்து அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்துச் சுணையை எடுப்பாள். பிறகு வெற்றிலையைக் கசக்கிப் பூசுவாள். வார் விழுந்த தடிப்பும் தூரத்திலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். அதற்கும் அம்மா வெற்றிலைதான் பூசினாள், அதற்கும் அதே பெயரைத்தான் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டபோது, "பின்னாடி முருங்கை நிக்கிதுல்ல சார், கம்பளி பட்டுருச்சு" என்றாள். துவைகல்லில் பெண்கள் கேட்டாலும் அதே பதில். கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கும் சொல்லி வைத்திருந்தாள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அந்தப் பொய் நன்றாகவே ஓடியது. தையிலும் ஓடியது. பூச்சி போனாலும் அடி போகவில்லையே, அதனால் மாசி, பங்குனி என்று அம்மா அதை இழுத்துக்கொண்டே போனாள். சித்திரை வெயிலில் தார் உருகுகிற ரோட்டில் நின்றுகொண்டு அவள் "கம்பளி" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

எங்களுக்கு அடுத்த வீட்டில் மாயக்கா இருந்தாள். புருசன் செத்துப்போய், பிள்ளை குட்டி இல்லாமல், காலையில் பணியாரம் சுட்டு விற்றுப் பிழைத்தவள். பூர்வீகம் எங்களைப் போலவே எழுமலைப் பக்கம். ஊர் முறையில் அய்யாவுக்கு அக்காள் ஆகவேண்டும். வளவுக்குச் சொந்தக்காரர் வாடகை வாங்க வந்திருந்த ஒரு காலையில், அத்தனை பேரும் நிற்கும்போது அவள் ஆரம்பித்தாள்.

"அண்ணே, இந்த மரம் வளவுக்கு ஆகாது. பாண்டிப் பய முதுகைப் பாருங்க. மழை பெஞ்சாலும் பூச்சி, வெயிலடிச்சாலும் பூச்சி. இன்னிக்கு அவன், நாளைக்கு இன்னொரு பிள்ளை. வெட்டிருங்க."

அய்யாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "மரம் என்னக்கா பண்ணுச்சு?" என்றார்.

"அப்ப யாரு பண்ணுனா? நீயே சொல்லு தம்பி."

சொந்தக்காரர், வெட்டினால் வெட்டிவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அய்யா வீட்டுக்குள் போய்க் கோடாலியோடு வந்தார். அம்மா குறுக்கே விழுந்து, "வெட்டாதீக, கீரைக்குக் காய்க்கு நான் எங்கிட்டுப் போவேன்?" என்று கதறியதை அவர் காதில் வாங்கவே இல்லை. முருங்கை மெத்தென்ற மரம், ஒரு கை பார்த்தாலே சாய்ந்துவிடும். அவரோ சாய்ந்த பிறகும் விடாமல் வெட்டினார். கொப்பு, காய், பூ எல்லாவற்றையும் கொத்திக் கொத்தி, கண்கள் சிவக்க, தெறித்த சிராய் கிழித்து நெற்றியில் இரத்தம் வழிய வெட்டினார். அண்ணன் கிணற்று மேடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா மண்ணை வாரி மாயக்கா வாசலில் தூற்றினாள். "எம்பிள்ளைக வாயில விழுந்த கீரையைப் பறிச்சிட்டயே, நல்லாருப்பியா நீ?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அதோடு பேச்சு நின்றது. ஆனால் முருங்கை லேசில் சாகாது. வெட்டின கட்டையில் பிசின் வழிந்து, பதினைந்து இருபது நாளில் துளிர் எட்டிப் பார்த்தது. அம்மா அதைப் பார்த்துச் சிரித்தாள். மறுநாள் காலை மாயக்கா, உலையிலிருந்து வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து அந்தத் துளிரின் தலையில் ஊற்றினாள். துளிர்க்கிற போதெல்லாம் ஊற்றினாள். கட்டை அவிந்து கறுத்து நாறிப்போகும்வரை ஊற்றினாள். இவ்வளவு வன்மம் பிடித்த பொம்பளையா என்று நாங்கள் அவளை அடியோடு வெறுத்தோம்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரேஷன் கடை வரிசையில் அண்ணன் விளையாட்டுப் பராக்கில் இடத்தை விட்டுவிட்டான், சீனி தீர்ந்துபோனது. அன்று விழுந்த அடி எந்த அடியோடும் சேராது. வார் பட்ட இடத்தில் தோல் பிளந்து சதை தெரிந்தது. பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டதால் தண்ணீர் ஊற்றி எடுப்பதற்காக அம்மா அவனைக் கிணற்றடிக்குக் கூட்டிவந்தாள், நான் பின்னாலேயே போனேன். மாயக்கா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். அத்தனை மாதம் கழித்து அவள்தான் முதலில் பேசினாள்.

"என்னத்தா லச்சுமி, பயலுக்கு என்ன ஆச்சு?"

அம்மாவின் வாய் பழக்கத்தில் திறந்தது. திறந்தபடியே நின்றது. துவைகல்லுக்கு அந்தப் பக்கம் வெறும் வெயில்தான் இருந்தது. அவள் அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அவுகதான்க்கா," என்றாள். "எப்பவுமே அவுகதான்."

"தெரியும்டி. சித்திரையில எந்த ஊர்ல கம்பளி வருது? வளவுக்கே தெரியும். மரம் நிக்கிற மட்டும் உன் வாயில இது வராதுன்னுதான் வெட்டச் சொன்னேன்."

சொல்லிவிட்டு, வாளியைக் கிணற்று மேடையில் வைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்குள் போனாள். அய்யா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆணியில் கிடந்த வாரை எடுத்தாள், அவருடைய தோளில் ஓங்கி ஒன்று இழுத்தாள். சோற்றுத்தட்டு உருண்டது.

"எப்புடி இருக்கு தம்பி? பூச்சி பட்ட மாதிரியா இருக்கு?"

அய்யா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். வாசலில் வளவுப் பெண்கள் அத்தனை பேரும் வந்து நின்றிருந்தார்கள். எவர் கையிலும் ஒன்றும் இல்லை. ஓங்கிய கை அப்படியே கொஞ்ச நேரம் நின்று, பிறகு இறங்கியது. மாயக்கா வாரைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பார்க்கவில்லை.

அன்றோடு அடி நின்றது என்று எழுத எனக்கு ஆசைதான். நிற்கவில்லை, வார் போனாலும் கை இருந்ததே. ஆனால் குறைந்தது. அய்யா குரல் உயர்ந்தாலே அம்மா வாசலுக்கு வந்து, வளவுக்கே கேட்கும்படி "யக்கா!" என்று கத்தப் பழகிக்கொண்டாள். பெரிய சாமர்த்தியம் என்று சொல்வதற்கில்லை, அண்ணன் பிழைக்க அது போதுமானதாக இருந்தது.

இப்போது அந்த வளவு இல்லை. கிணற்றை மூடி, மேலே மூன்று மாடி எழுப்பிவிட்டார்கள். பின்பக்கம் முழுக்கப் பைக் நிற்கிறது. கம்பளிப்பூச்சியைப் படத்தில்தான் பார்த்திருப்பதாக அங்கே குடியிருக்கிற பிள்ளைகள் சொல்கின்றன. சுவர்கள் கெட்டியாகிவிட்டன, ஒரு வீட்டுச் சத்தம் மறு வீட்டுக்குக் கேட்பதில்லை.

மாயக்கா சாகும்போது வளவு இருந்தது. மேலூரில் வேலையாக இருந்த அண்ணன் செய்தி கேட்டு முதல் பஸ் பிடித்து வந்தான். கொள்ளி வைக்கப் பங்காளி மகன் ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சட்டையைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்து, "நான் வைக்கிறேன்" என்றான். அய்யா அப்போது நல்ல திடத்தோடு, அதே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெற்ற தகப்பன் உயிரோடு இருக்கும்போது மொட்டை எடுக்கலாமா என்று பெரியவர்கள் தயங்கினார்கள். ஒருவர் அய்யாவிடமே போய்க் கேட்டார். அண்ணன் அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, அவரைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நாவிதர் முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்தான்.