பூரணி கொடுத்த பால் தேத்தண்ணி

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பூரணி இருபத்திரண்டு வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். புருஷன் கஜேந்திரன் மலையில் வழுக்கி விழுந்ததிலிருந்து வேலைக்குப் போவதில்லை. பிள்ளைகள் இரண்டு. நாட்டில் எல்லாமே விலையேறிய அந்த வருடம் இரவுச் சாப்பாடு ஆளுக்கொரு ரொட்டி, பூரணிக்கு அதுவுமில்லை.

இதைக் கண்டறியக் கடல் கடந்த ஒரு நிறுவனம் வெள்ளை வாகனத்தில் ஆள் அனுப்பியது. பசியைக் கண்ணால் பார்த்து நம்ப அவர்களுக்கு அனுமதியில்லை. கேள்வி கேட்டு மதிப்பெண் போட வேண்டும். தேறாதவர்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய். ஃபெயிலானால் பரிசு தரும் பரீட்சை. இதற்குப் பூரணி தயாராக இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பும் வழக்கம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கிடையாது. சுவருக்கு அந்தப்பக்கம், அடுத்த காம்பரா அறையில் குடியிருக்கும் வினோதாவிடம் இருந்த கடைசி இரண்டு கரண்டிப் பால்மாவைப் பின்பக்கமாக வாங்கி வந்து, செந்தூரன் என்ற யாழ்ப்பாணத்து அலுவலருக்குப் பால் தேத்தண்ணி கொடுத்தாள்.

“நல்லாயிருக்கு அக்கா. கிழமையில எத்தனை நாள் பால் பாவிப்பியள்?”

டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருப்பவனிடம் என்ன சொல்வது?

“தெனமுந்தாங்க.”

“சாப்பாட்டுக்கு ஆரிட்டையும் கைமாத்து வாங்கினனீங்களோ?”

“சேச்சே, இல்லீங்க.”

அவர்கள் கணக்கில் சோற்றைவிடப் பாலுக்கு இரட்டிப்பு மதிப்பெண். பூரணி தேறிவிட்டாள். அடுத்து அவன் போன வினோதா வீட்டில் அவனுக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை. தண்ணீர் தந்து வெட்கப்பட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவள் ஃபெயில்.

மூட்டை கொடுத்த அன்று பட்டியலில் தன் பெயர் ஏன் இல்லை என்று பூரணி செந்தூரனிடம் கேட்டாள்.

“நானில்லை அக்கா, மெஷின்தான் தெரிவு செய்தது. மூண்டு மாசத்தால திரும்பக் கணக்கெடுக்க வருவம்.”

“மெசினுக்குப் பசிக்குமாங்க, தம்பி?”

இந்தக் கேள்விக்கு அவனுடைய படிவத்தில் இடமில்லை.

வினோதா மூட்டையை நேரே பூரணி காம்பராவில் இறக்கினாள்.

“எம் பால்மாவக் குடுத்து ஒன்னையப் பட்டினி போட்டுட்டு, நான் மட்டும் அரிசி திங்கணுமா? பாத்திரத்த எடுடி.”

“ஒம்புள்ளைங்களுக்குப் பத்தாதுடி.”

“பெரிய தொரைசாணி மாதிரி பேசாத. எடு.”

இரண்டு வாரம் கழித்து, கொடுத்த அரிசி எங்கே போனது என்று பார்க்க நிறுவனம் மறுபடியும் வந்தது. கொடுத்த உணவைப் பயனாளி வேறு யாருக்கும் தருவது அவர்கள் அகராதியில் ‘கசிவு’. தந்தவர் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும்.

“ஆருக்கும் குடுத்தனீங்களோ?”

“யாருக்குங்க குடுக்கப் போறோம்? நாங்களேதான் சாப்புட்டோம்” என்றாள் வினோதா, கண்ணிமைக்காமல்.

முழு மதிப்பெண். கசிவு பூஜ்யம் என்று கொழும்புக்கு அறிக்கை போனது. அந்த நேரத்தில் பூரணி வீட்டு அடுப்பில் வினோதாவின் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது.