ஒவ்வொண்ணார் தன் கழுத்தில் பழுது தேடிய கதை

லிஃப்டுக்குள் நின்று கண்ணாடியில் தலைவாரிக்கொள்கிறவர்களுக்கு, அந்த லிஃப்டின் கூரைமேல் அவ்வப்போது ஓர் ஆள் ஏறி நிற்பது தெரியாது. நான் சொல்லும் மெக்கானிக் அப்படி நின்றே தலை நரைத்தவர். அண்ணாந்து பார்ப்பதுதான் உத்தியோகம். ஆனாலும் அவரைக் கர்வம் பிடித்தவர் என்று யாரும் சொன்னதில்லை.

கூட்டாளிகள் வைத்த பெயர் ஒவ்வொண்ணார். லிஃப்ட் நின்றுபோனால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இவர் அசையமாட்டார். "இருப்பா, ஒவ்வொண்ணா பாப்போம்" என்பார். ஒரு பாகத்தை மாற்றி ஓட்டிப் பார்ப்பார். சரியாகவில்லையா, பழையதையே மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது கோளாறு என்றே தெரியாமல் போய்விடும் என்பது அவர் வேதம்.

கழுத்து வலி வந்தபோதும் அதே வேதம்தான். முதலில் தலையணையை மாற்றினார். பிறகு பழைய தலையணையையே வைத்துக்கொண்டு மெத்தையை. பிறகு மூக்குக்கண்ணாடியை. கட்டிலில் தலைமாட்டைக் கால்மாடாக்கியும் பார்த்தாயிற்று.

"இன்னும் மாத்தாதது நான் ஒருத்திதான்" என்றார் மனைவி.

"உன் முறை இன்னும் வரல."

வலிக்கு மாத்திரை போட்டார். அது வயிற்றில் நெருப்பு வைத்தது. அதை அணைக்க, வயிற்று அமிலத்தை அடக்கும் மாத்திரை ஒன்றை மருந்துக்கடைக்காரர் கொடுத்தார். தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, வருஷக்கணக்கில் ஓடியது. பல் துலக்குவதுபோல அதுவும் ஒரு பழக்கமாகிவிட்டதால், மாற்றிப் பார்க்க வேண்டிய பாகங்களின் வரிசையில் அது வரவே இல்லை. வயிற்றுக்குப் போகிற சாமான் கழுத்தை என்ன செய்துவிடும்?

இதற்கிடையே விரல் நுனிகள் மரத்தன. உள்ளங்காலில் எறும்பு ஊர்ந்தது. "கழுத்து சரியானா இதெல்லாம் தானா சரியாயிடும்" என்று அந்தப் பழியையும் கழுத்தின்மேலேயே போட்டார்.

விரல் அவருக்குச் சாதாரண உறுப்பு இல்லை. லிஃப்டைத் தாங்கும் கம்பி வடத்தில் எங்காவது இழை அறுந்து நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று, மின்சாரத்தை அணைத்துவிட்டுத் தடவிப் பார்ப்பார்கள். மற்றவர்கள் துணியால் பிடித்துத் தடவுவார்கள். துணி சிக்கினால் பழுது. இவர் வெறுங்கை. "துணி ஏமாத்தும்ப்பா, விரல் ஏமாத்தாது."

ஒரு நாள் அப்படித் தடவிவிட்டு, "சுத்தம்" என்றார். பக்கத்தில் நின்ற கூட்டாளி அவர் கையைப் பார்த்து அலறினார்.

"யோவ், என்னய்யா ரத்தம்?"

"எங்க?"

"உன் விரல்லதான்யா! இதோ இழை நீட்டிக்கிட்டு நிக்குது. கிழிச்சதுகூடவா தெரியல?"

தெரியவில்லை. வடத்தை மாற்றினார்கள். மேற்பார்வையாளர் ஆளையும் மாற்றினார். "கைக்கு உணர்ச்சி வர்ற வரைக்கும் மேல ஏறாதீங்க. போன் எடுங்க." லிஃப்ட் வரவில்லை என்று வசைபாடுகிறவர்களிடம், "ஆள் வருது சார்" என்று நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது வேலையாயிற்று. அப்படிப் போகிற ஆளாக இனி தான் இருக்கவே முடியாதோ என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை.

மனைவி நரம்பு டாக்டரிடம் இழுத்துப்போனார். அந்த டாக்டரம்மா கழுத்தை விட்டுவிட்டுக் காலைத் தட்டிப் பார்த்தார். கண்ணை மூடி நிற்கச் சொன்னார், மனுஷன் ஆடினார்.

"என்ன சாப்பிடுவீங்க?"

"வேலை நாள்ல டீதான் மேடம். கறி, மீன், முட்டை வாசனையே ஆகாது. பாலும் டீயில விழுற அளவுதான்."

"மாத்திரை ஏதாவது?"

அமில மாத்திரை விஷயத்தை மனைவிதான் போட்டுக்கொடுத்தார். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 அடிமட்டத்தில் கிடந்தது.

"சாப்பாட்டுலேர்ந்து பி12-ஐப் பிரிச்சு எடுக்க வயித்துல அமிலம் வேணும். உங்க சாப்பாட்டுல இருக்கிறதே துளி. அதையும் எடுக்க விடாம தினம் அமிலத்தை அடக்கியிருக்கீங்க. பி12 குறைஞ்சா நரம்போட மேலுறை கெடும். மரத்துப்போகும், எரியும், இருக்கிற வலியும் கூடும்."

ஒவ்வொண்ணாருக்குக் கண் விரிந்தது. "வயருக்கு மேல உறை மாதிரியா? அப்போ கழுத்துல கோளாறே இல்லையா?"

"அதுவும் இருக்கு. நாள் பூரா அண்ணாந்து நின்னா எலும்பு தேயாதா? ரெண்டும் சேர்ந்திருக்கு. ஊசி போடணும், அந்த மாத்திரையை நான் சொல்றபடி மெல்லக் குறைக்கணும், கழுத்துக்குப் பயிற்சி செய்யணும்."

இங்கேதான் வேதம் குறுக்கே வந்தது. "முதல்ல ஊசி மட்டும் போடுவோம் மேடம். இல்லன்னா எதால சரியாச்சுன்னு தெரியாதே?"

"தெரியாட்டி என்ன?"

"தெரியணும் மேடம்."

"நின்னுபோன லிஃப்ட் நீங்க வர்ற வரைக்கும் காத்திருக்கும். நரம்பு காத்திருக்காது. ரொம்ப நாள் விட்டா உணர்ச்சி திரும்பாமலே போகலாம்."

"ஏங்க, உங்க ஆராய்ச்சிக்கு என்னை வேணும்னாலும் மாத்திக்குங்க" என்றார் மனைவி. "இப்ப ஊசிக்குக் கையை நீட்டுங்க."

நீட்டினார். வாழ்க்கையில் முதன்முறையாக மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினார், பாவம். மாதங்கள் ஓடின. எறும்புகள் காலை விட்டு இறங்கின, கழுத்து இளகியது. எதனால் என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். "எல்லாத்தாலயும்தான்" என்பதைத் தாண்டி டாக்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மேற்பார்வையாளர் ஒரு கழித்த வடத்துண்டை மேசையில் வைத்து, கண்ணை மூடித் தடவச் சொன்னார். வலது கை நகர்ந்தது. திடீரென்று "ஆ!" என்று ஒரு கத்தல். அலுவலகமே திரும்பிப் பார்த்தபோது அவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். இடது கையில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மட்டும் அந்த இழையைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போயின.

"மேல போகலாம்" என்றார் மேற்பார்வையாளர். "ஆனா இடது கையை நம்பாதீங்க. வடத்தைக் கூட்டாளியும் ஒரு தடவை பாக்கட்டும்."

பாதி காதில் விழுவதற்குள் ஒவ்வொண்ணார் பையைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டார். இடது கையின் அந்த இரண்டு விரல்கள் மட்டும் கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டே போயின, தெரிகிறதா, தெரிகிறதா என்று.