ராஜாவின் குதிரைப் பாய்ச்சல்

குற்றாலத்தில் சீசனுக்கு வந்திருந்த சிலர் ஒரு பங்களாவில் சதுரங்கப் போட்டி வைத்தார்கள். ஜெயிப்பவர் சென்னைக்குப் போய் ஆடலாம். நான் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டேன். வந்த தெம்பில், தென்காசி வக்கீல் ஒருவரிடம் பார்த்த குமாஸ்தா வேலையை அந்த ஆட்டத்துக்கு முந்தின நாளே உதறினேன். "இந்தக் கைக்கு இனி வேற ஜோலி இருக்கு" என்று அவரிடம் கையைத் தூக்கிக் காட்டியும் வைத்தேன். தோற்றால் அதே கையைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நிற்க வேண்டும். மனைவிக்கு இன்னும் விஷயம் தெரியாது.

எதிரே செங்கோட்டை ரயில் நிலையத்துச் சரக்குக் குமாஸ்தா. மூட்டை இறக்குவதுபோல் காயை வைப்பார். மத்தியானத்துக்குள் என் ராஜா தன் சிப்பாய்களுக்குப் பின்னால் மூலையில் மாட்டிக்கொண்டான். அவருடைய யானை கடைசி வரிசைக்கு இறங்கினால் தீர்ந்தது. வெளியே சாரல் அடித்தது. எனக்கு முதுகெல்லாம் வேர்வை.

அப்போதுதான் அந்த ஞானோதயம். ராஜாவுக்கு இதுவரை ஒரு செக்கும் விழவில்லை. எங்கள் ஊர் ஆட்டத்தில் அப்படிப்பட்ட ராஜா ஒரே ஒரு தடவை குதிரைபோல் பாயலாம். பாய்ச்சினேன். சிப்பாய்களைத் தாண்டி வெளியே போய் நின்றான்.

"என்ன வே, ராஜா குதிரை ஏறிட்டாரா?" என்றார் எதிராளி.

நடுவர் எழுந்து வந்தார். "இது இங்கிலீஷ் ஆட்டம்லா? பழைய எடத்துல வையும்."

ஒரு வாரமாக அந்த இங்கிலீஷ் விதியில்தான் ஆடினேன். பயம் வந்ததும் கை ஊர் ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டது. ராஜாவை வைத்துவிட்டு ஓரச் சிப்பாயிடம் போனேன். அதை ஒரு கட்டம் தள்ளினால் போதும், பிழைத்துக்கொள்வேன்.

"அது முடியாது. ராஜாவைத் தொட்டாச்சு, ராஜாவைத்தான் நகத்தணும்" என்றார் நடுவர்.

"கை தவறிட்டு அண்ணாச்சி..."

"தவறுனா கீழல்லா விழும்? இது சிப்பாயைத் தாண்டிப் போயிருக்கு!"

ராஜாவுக்கு இருந்தது பக்கத்துக் கட்டம் ஒன்றுதான். அழாத குறையாக நகர்த்தினேன். யானை இறங்கியது.

மறுநாள் வக்கீல் வீட்டில் என் இடத்தில் வேறொருவர் எழுதிக்கொண்டிருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். வக்கீலுக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

"செக் விழாத ராஜா பாயக்கூடாதா? எந்த ஊரு நியாயம் வே இது? நீரு ஆடினது சரிதான்!"

தென்காசியில் என் கட்சிக்கு ஒருவர் கிடைத்தார். மெதுவாக வேலையைப் பற்றிக் கேட்டேன்.

"அதுக்குத்தான் ஆள் போட்டாச்சே" என்றார்.