மல்லாட்டை விலைக்கு மேல ஏழுமலை மூஞ்சி

திண்டிவனம் ரோடு மல்லாட்டை மண்டி ஏழுமலை நேத்து மத்தியானம் இறந்துட்டாரு. நெஞ்சு வலின்னு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில சேர்த்திருந்தாங்க... ரெண்டாவது அட்டாக் தாங்கல.

இன்னிக்கு அடக்கம் முடிச்சிட்டு இப்ப தான் குளிச்சிட்டு உட்கார்ந்தேன். "ஏழுமலையோட விலை பேஜ் இனிமே போன்ல வருமா, நின்னுடுமா"ன்னு விவசாயிங்க விடாம போன் பண்றீங்க. அதுக்கும் சேர்த்து தான் இந்தப் பதிவு.

(வெளியூர் நண்பர்களுக்கு... மல்லாட்டைன்னா வேர்க்கடலை.)

மரியாதையா 'இறந்துட்டாரு'ன்னு ஆரம்பிச்சிட்டேன். எங்களுக்குள்ள அதெல்லாம் கிடையாது. ஒரே மண்டில கூலிக்கு இருந்தோம். ஒரே மூட்டைய ஆளுக்கு ஒரு முனை பிடிச்சி லாரில ஏத்தினவங்க.

அப்புறம் எதிரும் புதிருமா ஆளுக்கு ஒரு மண்டி. அவனுக்கு முன்னாடி கடை போட்டது நான். கம்ப்யூட்டர் தராசு வாங்கினது நான். கார் வாங்கினதும் நான் தான்.

பேஜ் மட்டும் அவன் முந்திக்கிட்டான்.

அவன் பொண்ணு ரேவதி விழுப்புரத்துல கம்ப்யூட்டர் படிச்சிட்டு வந்து செஞ்சி குடுத்தது. பெருசா ஒண்ணும் இல்ல... மேல இவன் போட்டோ. கீழ அன்னிக்கு மல்லாட்டை விலை, நெல்லு விலை, உளுந்து விலை. அவ்ளோ தான்.

போட்டோவும் சுமார் தான். சட்டைல ஒரு பட்டன் போடல. ரெண்டு கையாலயும் மல்லாட்டைய அள்ளி நீட்டிக்கிட்டு, பல்லு தெரிய சிரிச்சிக்கிட்டு.

நான் விடுவேனா. சென்னைல ஒரு கம்பெனிய பிடிச்சேன். என் பேஜ தெறந்தா செஞ்சிக் கோட்டை மேல ட்ரோன் பறக்கும், மேளம் அடிக்கும், நான் கோட்டு போட்டு கைய கட்டிக்கிட்டு நிப்பேன். எல்லாம் முடிஞ்சப்புறம் விலை வரும்.

விலை வரவே இல்ல.

பனமலைல இருந்து ஒரு விவசாயி டெம்போவ என் கடை வாசல்ல தான் நிறுத்தினாரு. சந்தோஷமா எழுந்து போனேன். "நம்ம பேஜ் பாத்துட்டு தான வந்தீங்கண்ணே?"

"இன்னா பேஜ் வச்சிக்கினு இருக்கற நீ? தெறந்தா சுத்திக்கினே இருக்குது. எங்க ஏரிக்கரைல டவரு ஒரு கோடு தான். நீ கோட்டைய சுத்தி முடிக்கறதுக்குள்ள என் மாடு கன்னு போட்டுடும்."

சொல்லிட்டு ரிவர்ஸ் எடுத்து, நேரா எதிர்க்கடைல கொண்டு போய் விட்டாரு.

மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டம் உங்களுக்கே தெரியும். யார் போன்லயும் ஒண்ணும் தெறக்காது. கியூவுல நின்னுக்கிட்டு என் பேஜ பாத்தேன்... சுத்துது. அவன் பேஜ தட்டினேன். கட்டை விரல எடுக்கறதுக்குள்ள பல்ல காட்டிக்கிட்டு வந்து நின்னான்.

சாமி கும்பிட வந்த எடத்துல வயிறு எரிஞ்சிது எனக்கு.

மறுநாள் டீக்கடைல பிடிச்சேன். "ஏன்டா ஏழுமல, அந்தப் போட்டோவையாவது மாத்தேன். இப்ப உன் தலைல முடியே இல்ல, அதுல சுருட்டை முடியோட நிக்கற. பாக்கறவன் வேற ஆளுன்னு நெனச்சிக்க போறான்."

"மாத்த மாட்டேன்டா. எங்க ரேவதி சொல்லிச்சி, பேஜுன்றது ஒரு அச்சு மாதிரி. காலைல நான் விலைய போட்டா, சர்வர் அந்த அச்சுல விலைய ரொப்பி அனுப்பிடும். நாலு எழுத்து போறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்? படம் ஒரு தடவ ஒருத்தன் போன்ல எறங்கிச்சின்னா அங்கயே தங்கிடுமாம். மறுபடி மறுபடி எறங்க வேணாம்."

"அப்ப ஊர்ல இருக்கறவன் போன்ல எல்லாம் உன் மூஞ்சி தானா?"

"உன் போன்லயும் தான். தெனம் பாக்கறல்ல?"

டீக்கடைக்காரன் உட்பட எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்ச மாதிரி வச்சிக்கிட்டேன்.

அச்சு, படம் எல்லாம் கூட போவட்டும். எனக்கு ஆகாதது வேற.

காலைல ஒரு விலை போடுவான். மத்தியானம் சந்தை எறங்கும். நாங்கல்லாம் எறக்கிடுவோம். அவன் எறக்க மாட்டான். "காலை விலைய பாத்துட்டு விவசாயி பஸ் ஏறியிருப்பாண்டா"ன்னுவான். சரியான அடி வாங்கறான்னு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கும்... மறுநாள் அவன் வாசல்ல டெம்போ வரிசைய பாக்கற வரைக்கும்.

ரேவதிக்கு இப்ப பெங்களூர்ல வேலை. மண்டிய பாக்க ஆள் இல்ல. அதனால சுடுகாட்டுல இருந்து திரும்பினதும் நேராவே கேட்டுட்டேன், பேஜ எனக்கு குடும்மான்னு.

சாவு வீட்ல வியாபாரம் பேசினான்னு சொல்லுவீங்க. சொல்லுங்க. நான் கேக்கலன்னா நாளைக்கு திண்டிவனத்துக்காரன் எவனாவது வந்து கேப்பான்.

அந்தப் பொண்ணு அழுத கண்ணோட என்னையே பாத்திச்சி. அப்புறம் லேசா சிரிச்சிது... அவன் சிரிப்பு அப்படியே.

"ஆஸ்பத்திரிலயே நைனா சொன்னாரு சித்தப்பா. 'பந்தல் பிரிக்கறதுக்குள்ள அவன் வந்து பேஜ கேப்பான் பாரு. குடுத்துடு. ஆனா நான் சொல்றதுக்கு எல்லாம் ஒத்துக்கணும்'னாரு."

பாவி. படுக்கைல கெடந்துக்கிட்டே என்னை எடை போட்டு வச்சிருக்கான். அதுவும் சரியான எடை.

சரிடா ஏழுமல. நிம்மதியா படு. வாசல்ல டெம்போவ நான் பாத்துக்கறேன்.

விவசாயிங்களுக்கு... அவன் சொல்லிட்டு போனபடி பேசி முடிச்சது இது தான். பேஜ் நிக்காது. சர்வர் வாடகை வருஷா வருஷம் நான் கட்டறேன். நாளைக்கு காலைல இருந்து விலை நான் போடுவேன், போட்ட விலை பொழுது சாயற வரைக்கும் எறங்காது. மேல அவன் போட்டோ அப்படியே இருக்கும், யாரும் கை வைக்கக் கூடாது. என் மண்டி பேரு பேஜுக்கு அடில வரும்.

சின்ன எழுத்துல.